முகத்திலே திரை – மூளையிலே திரை!

தமிழிலே 'திரை' என்ற சொல்லுக்குப் பொருள் பல. மரக்காணத்துக் கரையை நாளெல்லாம் வந்து மோதுகிறதே அலை, அதற்குத் திரை என்று பெயர். விழுப்புரத்துக் கொட்டகையிலே விளக்கணைந்ததும் ஒளிவீசுகிறதே வெண்துணி, அதற்கும் திரை என்று பெயர். வயது ஏற ஏறத் தோலிலே விழும் சுருக்கத்துக்கும் திரை என்றே பெயர். நரை, திரை, மூப்பு என்று மூன்றையும் அடுக்கிச் சொல்லிவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள் நம் முன்னோர்.

இன்று, வெண்துணித் திரை முகத்துத் திரையைப் பார்த்து எள்ளி நகையாடுகிறது! வெள்ளித்திரை போதாதென்று, உள்ளங்கையிலே அடங்கும் கைப்பேசித் திரை வேறு வந்து சேர்ந்தது. காலையிலே கண்விழித்ததும் அது கேட்கிறது: "அம்மணி, மூக்கோரத்திலிருந்து வாயோரம்வரை இரு கோடுகள் இறங்குகின்றனவே, கண்டாயா? கவலை வேண்டா. ஊசி இருக்கிறது. அரை மணி நேரம் போதும். மாதத் தவணையும் உண்டு!"

கோடு முன்பும் இருந்தது, கவலை இல்லை. இப்போது கவலை வந்திருக்கிறது. கடையும் உடனே திறந்திருக்கிறது. கவலை பிறந்ததால் கடை வந்ததா, கடை வந்ததால் கவலை பிறந்ததா? இதைத்தான் இந்தக் கட்டுரையிலே கேட்கிறோம்.

சென்னைச் சீமான்களுக்கும் சினிமாச் சிங்காரிகளுக்கும் உரிய செய்தியன்றோ இது, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் என்ன வந்தது என்று சிலர் கேட்கக் கூடும். விளம்பரத்துக்கு ஊரும் தெரியாது, பேரும் தெரியாது. அடையாற்று மாளிகையிலே ஒளிரும் அதே படம், அவலூர்ப்பேட்டைச் சாலையோரத்துக் குடிசையிலும் ஒளிர்கிறது. புதுவைக்குப் போக ஒரு மணி நேரம். சென்னைக்கு இரவும் பகலும் பேருந்து. ஆசையை அனுப்பிவைப்பவனுக்குத் தூரம் ஒரு தடையல்ல.

ஊசியிலே இருப்பது என்ன? ஃபில்லர் என்கிறார்கள்; நிரப்பு மருந்து என்று நாம் சொல்லலாம். பெரும்பாலும் அது ஹயலூரானிக் அமிலம் என்னும் கூழ்ப்பொருள். 1934ஆம் ஆண்டிலே, நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இரு அறிஞர்கள் மாட்டின் கண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். புதுப்பொருளும் அன்று, அரும்பொருளும் அன்று. எழுபது கிலோ எடையுள்ள மனிதரின் உடலிலே சுமார் 15 கிராம் இருக்கிறது. அதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை உடல் நாள்தோறும் கரைத்துவிட்டுப் புதிதாக ஆக்கிக்கொள்கிறது. உழவனின் உடலும் காசு கேளாமல் செய்கிறது. உப்பளத்துக் கூலியின் உடலும் கணக்கு எழுதாமல் செய்கிறது.

அந்தக் கூழையே எளிதிலே கரையாதபடி பிணைத்து, ஊசிக்குழலில் அடைத்து, கோட்டுக்கு அடியிலே செலுத்தி, பள்ளத்தை மேடாக்குகிறார்கள். ஒரு குழலிலே இருப்பது 1 மில்லிலிட்டர். தேக்கரண்டியிலே ஐந்திலொரு பங்கு! ஆறு மாதம், ஓராண்டு, சிலவகை அதற்கும் சற்று மேலே நிற்கும், பிறகு கரையும். கரைந்தால் மீண்டும் ஊசி, மீண்டும் காசு.

கணக்குப் பார்ப்போம். ஒரு குழல் இருபதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூட்டியும் குறைத்தும் விற்கிறார்கள். ஊரக வேலைத் திட்டத்தில் 2025–26ஆம் ஆண்டுக்கெனத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். ஏரியிலே மண்வெட்டி, தலையிலே கூடை சுமந்து, அறுபது நாள் உழைத்தால் அந்த ஒரு குழல்! அறுபது நாள் வெயில் அவள் முகத்திலே கோடு போடும். அந்த அறுபது நாள் கூலியைக் கொடுத்தால் அந்தக் கோட்டை இவன் நிரப்புவான். வெயிலும் கூலியும் அவளுக்கு. கூடுவதும் கொழிப்பதும் இவனுக்கு! என்னே இந்த வாணிபத்தின் சாமர்த்தியம்!

கோடு எப்படி விழுகிறது? சிரிக்கிறோம், பேசுகிறோம், மெல்லுகிறோம், அழுகிறோம், தசை மடிகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தோலின் வலு குறைகிறது. கன்னத்துக் கொழுப்பு மெலிகிறது. வெயிலும் புகையிலையும் அதை விரைவாக்குகின்றன. கடைவாய்ப் பற்கள் விழுந்தால், வாயைத் தாங்கும் சுவரே சரிந்ததுபோல முகம் உள்ளே ஒடுங்குகிறது.

மரக்காணத்து உப்பளங்களுக்குப் போய்ப் பாருங்கள். மேலே கொதிக்கும் கதிரவன். கீழே கண்ணைப் பறிக்கும் வெள்ளுப்பு. இரு வெயிலுக்கும் இடையிலே நின்று உப்பை வாரும் தாயின் முகத்திலே கோடு இருக்கிறது. அவளுக்குத் தேவை கூழா, குடையா? நிரப்பு ஊசியா, நிறைந்த கூலியா? பல்லிழந்த பாட்டிக்குத் தேவை வாயோரத்திலே குத்தும் ஊசியா, வாய்க்குள்ளே ஒரு பல்வரிசையா? பல்வரிசை கட்டித் தந்தால் சோறு மெல்லுவாள், முகமும் நிமிரும். அதைப் பற்றி அந்த விளம்பரம் வாய் திறப்பதில்லை.

இன்னொன்றும் கேட்கிறோம். ஆணுக்கு இல்லையா அந்தக் கோடு? மேடையேறும் தலைவருக்கு இருக்கிறது, "ஆகா, அனுபவம் எழுதிய வரிகள்!" என்கிறார்கள். அறுபது வயதுக் கதாநாயகனுக்கு இருக்கிறது. அவனுக்கு ஜோடியாக இருபது வயதுப் பெண்ணைத் தேடுகிறார்கள். நாற்பது வயதுப் பெண்ணுக்கு அதே கோடு விழுந்தால், "வயதாகிவிட்டது, அக்காள் வேடம் தருகிறோம்" என்கிறார்கள். ஒரே கோடு! ஆண் முகத்திலே பட்டம், பெண் முகத்திலே குற்றம். மனு எழுதிய ஏட்டைக் கொளுத்தலாம். இவர்கள் முகத்திலே எழுதும் மனுவை எங்கே கொண்டுபோய்க் கொளுத்துவது?

திண்டிவனத்திலே எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. அங்கே கண்ட நிலக்கடலை வகைகளுக்கு ஊர்ப்பெயரையே சுருக்கி டி.எம்.வி. என்று எண்ணிட்டு வழங்குகிறார்கள். உழவர் அந்தக் கடலையைக் கையிலே எடுத்தால், பருப்பு திரண்டிருக்கிறதா, எண்ணெய் எவ்வளவு, ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று பார்க்கிறார். ஓட்டிலே வரி இருக்கிறதென்று எந்த உழவரும் அதற்கு இஸ்திரி போட்டதில்லை! கடலைக்குத் தருகிற நியாயத்தைக்கூடப் பெண்ணுக்குத் தர மறுக்கிறதே இந்தச் சமுதாயம்!

இந்த நிரப்பு வித்தை நேற்று முளைத்ததன்று. 1899இல் வியன்னா நகரத்து மருத்துவர் ராபர்ட் கெர்சுனி, உடலுக்குள்ளே பாரஃபின் மெழுகை ஊசியால் செலுத்தும் முறையைத் தொடங்கினார். முகத்துப் பள்ளங்களை நிரப்ப அது பரவியது. அழகுக்குப் பேர்போன கிளாடிஸ் டீக்கன் என்னும் சீமாட்டி, பின்னாளிலே இங்கிலாந்தின் மார்ல்பரோ கோமகளானவர், மூக்கைச் சீராக்க மெழுகு ஏற்றிக்கொண்டார். மெழுகு தங்கவில்லை, மூக்கைவிட்டு முகவாய்க்கு இறங்கியது. அழகு கூடவில்லை, இருந்த அழகும் அழிந்தது. மெழுகு ஏற்றிக்கொண்ட பலருக்குத் தோலடியிலே கட்டிகள் தோன்றின. மெழுகுக்கு விடைகொடுத்தார்கள், சிலிக்கோன் திரவத்துக்கு வரவேற்பு வளைவு கட்டினார்கள். அதுவும் கட்டியாயிற்று, புண்ணாயிற்று. அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 1970களிலே அந்த ஊசியைக் குற்றமாக்கிச் சட்டம் செய்தது. 1981இல் மாட்டுத்தோலின் கொலாஜன் வந்தது. 2003 டிசம்பரில், ஹயலூரானிக் கூழுக்கு அமெரிக்க உணவு மருந்துத் துறை ஒப்புதல் தந்தது. மூக்கோரத்திலிருந்து வாயோரம்வரை விழும் மடிப்பை நிரப்புவதற்கென்றே தந்தது.

மெழுகைவிடச் சிலிக்கோன் நன்று, சிலிக்கோனைவிடக் கொலாஜன் நன்று, கொலாஜனைவிடக் கூழ் நன்று என்றார்கள். கூழ் முந்தியவற்றைவிடப் பாதுகாப்பானதுதான். அதைக் கரைக்க மாற்று மருந்தும் இருக்கிறது. உண்மையை மறைக்க நமக்கு அவசியமில்லை. அதே உண்மையின் மறுபாதியை விற்பவன் மறைக்கிறானே, அதைச் சொல்லாமல் விட மாட்டோம்.

வாயோரக் கோட்டின் அருகே முகத் தமனி ஓடுகிறது. அதன் கிளைகள் மேலே ஏறி, கண்ணுக்குக் குருதி தரும் நாளங்களோடு கூடுகின்றன. ஊசி தவறி நாளத்துக்குள் இறங்கி, கூழ் அழுத்தத்தோடு பாய்ந்தால், குருதியை எதிர்த்துப் பின்னோக்கிச் சென்று கண்ணின் நாளத்தை அடைக்கும். கண் இருளும். உலக மருத்துவ ஏடுகளில் வெளிவந்த செய்திகளைத் திரட்டி 2015இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நிரப்பு ஊசியால் பார்வை பாதிக்கப்பட்டோர் 98 பேர் அதிலே காணப்பட்டனர். சிலருக்குக் கூழ், பலருக்கு அவர்கள் உடலின் கொழுப்பையே எடுத்து ஏற்றியது. புருவ நடுவிலும் மூக்கிலும் ஏற்றிக்கொண்டோர் மிகுதி; வாயோர மடிப்பிலே ஏற்றிக்கொண்டோரும் எட்டில் ஒரு பங்குக்கு மேல்.

அரிது என்பார்கள். அரிதுதான், ஒப்புகிறோம். ஆனால் எதற்காக அந்த அரிய ஆபத்து? குடல்வால் வெடித்தால் கத்திக்கு உட்படுகிறோம், உயிர் காக்க. சிரித்ததால் விழுந்த கோட்டை அழிக்கக் கண்ணைப் பணயம் வைப்பதா? குருதி நின்ற விழித்திரை மணிக்கணக்கிலே காத்திருக்காது. திண்டிவனத்திலிருந்து சென்னை சுமார் 120 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து சுமார் 160. ஒப்பனை நாற்காலியிலே கண் இருண்டவளை எந்த வண்டியிலே ஏற்றி, எத்தனை சுங்கச்சாவடி தாண்டி, எந்த வாசலிலே இறக்குவது? விளம்பரத்திலே வழி போட்டிருக்கிறானா?

கூழைவிடப் பெரிய ஆபத்து, அதைச் செலுத்தும் கை. 2016இல் சென்னையிலே, தலையிலே முடி நட்டுக்கொள்ளப் போன மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மருத்துவம் பயின்ற பிள்ளைக்கே அந்த நிலை! 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், பயிலரங்கிலே வேடிக்கை பார்த்ததையும் காணொளியிலே கண்டதையும் தகுதியாகக் கொண்டு முடிநடுதல் முதலான அழகுச் சிகிச்சையிலே இறங்கலாகாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அப்படி இறங்கினோர் இல்லாமலா அந்த ஆணை பிறந்தது? 2021இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை மற்றோர் எச்சரிக்கை விடுத்தது: ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் கூழைத் தோலுக்குள் பீய்ச்சும் பேனாக் கருவிகளை இணையத்திலே வாங்கித் தாமே முகத்திலே வைத்துக்கொள்ள வேண்டா என்று. கருவி வீட்டு வாசலுக்கே வரும். மருத்துவர் வர மாட்டார். பயிற்சி இல்லாத கை, பதிவு இல்லாத கடை, பெயர் தெரியாத மருந்து! சிற்றூரின் ஏழைப் பெண்ணுக்குச் 'சலுகை விலை' என்று வந்து சேரக்கூடியது இந்தக் கூட்டணியே.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பொய்யான மருத்துவ விளம்பரங்களைத் தடுக்க 1954இலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2020 பிப்ரவரியிலே ஒன்றிய அரசு வெளியிட்ட திருத்த வரைவு, தோலை வெளுப்பாக்குவதையும் இளமையிலே வரும் மூப்பையும் அந்தச் சட்டத்தின் பட்டியலிலே சேர்க்க முனைந்தது. தமிழ்நாட்டிலே மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த 1997ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு; 2018இல் அதற்கு விதிகளும் வந்தன. ஏட்டிலே சட்டம் இருக்கிறது; நாட்டிலே நடமாடட்டும் என்கிறோம்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். "பகுத்தறிவு பேசுகிற நீங்கள் அறிவியலை எதிர்க்கலாமா? பெண்ணுரிமை பேசுகிற நீங்கள், அவள் முகத்தை அவள் விரும்பியபடி வைத்துக்கொள்வதைத் தடுக்கலாமா?" நல்ல கேள்வி. நேராகவே விடை தருகிறோம்.

அறிவியலை நாம் எதிர்க்கவில்லை. வேலூர் மருத்துவக் கல்லூரியிலே டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். அங்கே சிதைந்த மூக்கை எடுப்பித்தார்கள், உதிர்ந்த புருவத்தை மீண்டும் நட்டார்கள். ஊரைவிட்டு விரட்டப்பட்டவர் ஊருக்குள்ளே வர அந்த அறுவை வழி செய்தது. அந்தக் கத்தியைக் கைகூப்பி வணங்குவோம். எச்.ஐ.வி. நோயால் கன்னம் ஒடுங்கியவர்களின் முகத்தை நிரப்ப 2004இல் ஒரு நிரப்பு மருந்துக்கு அமெரிக்காவிலே ஒப்புதல் கிடைத்தது. அதை நல்ல செய்தி என்றே சொல்வோம். தீயிலே வெந்த முகத்துக்கும், விபத்திலே சிதைந்த முகத்துக்கும், பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தைக்கும் அந்தக் கலை சென்று சேரட்டும். நோயைத் தீர்ப்பது மருத்துவம். நோயை உண்டாக்கி விற்பது வாணிபம். இரண்டையும் ஒரே வெள்ளையங்கிக்குள்ளே ஒளித்துவைக்கப் பார்க்கிறார்கள். அங்கியை விலக்கிக் காட்டுவது நம் வேலை.

ஊசி போட்டுக்கொண்ட பெண்ணையும் நாம் ஏசவில்லை. வரவேற்பறை வேலைக்கு "இளமையான தோற்றம் வேண்டும்" என்று கேட்கிற முதலாளியும், பெண் பார்க்க வந்து முகத்தைக் குதிரைப்பல் பார்ப்பதுபோலப் பார்க்கிற மாப்பிள்ளை வீட்டாரும், "இப்போதெல்லாம் முகம் வாடிவிட்டதே" என்று வீட்டுக்குள்ளேயே சொல்லம்பு எய்கிற கணவனும் சேர்ந்துதான் அவளை அந்த நாற்காலியிலே உட்கார வைத்திருக்கிறார்கள். அவளே விரும்பி உட்கார்ந்தாள் என்கிறார்கள். சுற்றிலும் மூன்று சுவர் எழுப்பி, ஒரு வாசல் மட்டும் திறந்துவைத்து, அதன் வழியே வந்தவளைப் பார்த்து, "பார், அவள் விருப்பம்!" என்பதா உரிமை?

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரை நினைவூட்ட விரும்புகிறோம். அந்த ஊரிலே பிறந்த இராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தபோதுதான், 1947ஆம் ஆண்டு, பெண்களைப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு விடும் தேவதாசி முறையைச் சட்டம் தடை செய்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திலே போராடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர்ஊராகச் சென்று போராடினார். அந்தக் கொடுமையின் வேர் எது? பெண்ணுக்கு முகமே மூலதனம், இளமையே வட்டி, மூப்பு வந்தால் திவால் என்று வைத்த கணக்குதான்! அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கிழித்தெறியச் சட்டம் செய்த முதல்வரின் சொந்த வட்டாரத்திலே, கைப்பேசித் திரை வழியே, அதே கணக்கை மாதத் தவணையிலே திறக்கப் பார்க்கிறார்கள். அன்று கோயில் வாசல். இன்று கண்ணாடிக் கதவு. அன்று பொட்டு, இன்று ஊசி. அந்தக் கொடுமையும் இதுவும் ஓரளவினவென்று சொல்ல மாட்டோம். ஆயினும், வித்து ஒன்றே என்று சொல்லத் தயங்கவும் மாட்டோம்.

நரை ஏன் இல்லை என்று பிசிராந்தையாரைக் கேட்டார்களாம். அவர் எந்த மூலிகையின் பெயரையும் சொல்லவில்லை. மனைவி மாண்புடையவள், மக்கள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர் கருத்தறிந்தவர், வேந்தன் முறையல்லாதன செய்யான், ஊரிலே சான்றோர் பலர் என்ற கருத்தையே புறநானூற்றுப் புலவர் விடையாகத் தந்தார். வீடும் நாடும் நன்றாக இருந்தால் முகம் மலரும் என்பது தமிழன் கண்ட மருத்துவம். வீட்டிலே அடி, வேலையிலே சுரண்டல், வீதியிலே அச்சம் என்று வைத்துவிட்டு, முகத்திலே மட்டும் கூழ் ஏற்றுவது எந்த மருத்துவம்?

எனவே நாம் கேட்பவை இவை. விழுப்புரம் மாவட்டத்திலே அழகுச் சிகிச்சை என்று பலகை மாட்டும் ஒவ்வோர் இடத்தையும் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் சோதிக்கட்டும். ஊசி பிடிக்கும் கைக்குரியவரின் பெயரும் பட்டமும் பதிவெண்ணும் வாசலிலே தமிழில் எழுதப்படட்டும். கூழைக் கரைக்கும் மாற்று மருந்தை வைத்திராத இடத்திலே ஊசி கூடாது. பார்வை போகக் கூடும் என்ற எச்சரிக்கையைத் தமிழிலே படித்துக்காட்டாமல் கையொப்பம் வாங்கக் கூடாது. சுருக்கத்தை நோயென்று கூறும் விளம்பரத்தைச் சட்டம் தொடட்டும். முண்டியம்பாக்கத்திலே 2010 முதல் நடந்துவரும் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், பெண்கள் கல்லூரிகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் சென்று, தோலைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் புகையிலையைப் பற்றியும் பேசட்டும். உப்பளத்திலே நிழற்கூரையும், பல்லிழந்த முதியோருக்குப் பல்வரிசையும் கிடைக்கட்டும்.

விழுப்புரம் சந்திப்பிலே ஐந்து திக்கிலிருந்தும் தண்டவாளங்கள் வந்து கூடுகின்றன. மேலிருந்து பார்த்தால் கோடுகள்தாம். அவற்றை அழித்தால் அழகு கூடும் என்று எவனாவது சொன்னால், அவன் அறிவை ஐயுறுவோம். அந்தக் கோடுகளின் வழியேதான் ஊர் வந்தது, உறவு வந்தது. நம் தாயின் முகத்திலே கூடும் கோடுகளும் அப்படி வந்தவையே. ஒன்று நம்மைச் சிரிக்க வைக்கச் சிரித்ததிலே விழுந்தது. ஒன்று நம் காய்ச்சலின் போது கண்விழித்ததிலே விழுந்தது.

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மண்டகப்பட்டிலே ஒரு குடைவரை நிற்கிறது. செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுதையும் இன்றி இதைச் செய்வித்தேன் என்று பல்லவன் மகேந்திரவர்மன் அங்கே கல்லிலே வெட்டி வைத்தான். பூச்சும் நிரப்பும் இல்லாத அந்தப் பாறைமுகம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக வெயிலையும் மழையையும் வரியாக ஏற்றுக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறது. எவனும் அதைக் கிழடு என்று ஏசவில்லை. வரலாறு என்று வணங்குகிறார்கள்.

கல்லுக்குத் தரும் மதிப்பைக் கட்டியவர்களைப் பெற்ற தாய்க்குலத்துக்கும் தருக! முகத்துத் திரை இயற்கை விரித்தது. அது இருந்துவிட்டுப் போகட்டும். மூளைக்கு முன்னே வாணிபன் விரித்த திரையை முதலிலே கிழிப்போம்!